பொன்னுருக்குக்கும் கலியாணத்துக்கும் நடுவே ஒரு பனிச்சரிவு

பொன்னுருக்கு முடிந்த ஐந்தாம் நாள் காலை, எங்கள் வீட்டு நிலவறையில் பழைய சைக்கிள்களுக்குப் பின்னால் நின்ற என் பனிப்பலகையைச் சத்தம் போடாமல் வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். கலியாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மணப்பெண் நான்தான்.

எங்கள் யாழ்ப்பாண வழக்கத்தில், தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து உருக்குவார்கள். அதன் பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் கூடாது. ஊரில் இது இரண்டு மூன்று நாள் அலுவல். ஜெர்மனியில் வீடு தேடி வந்து பொன் உருக்கித் தரும் பத்தர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்களுக்கு அகப்பட்ட பத்தரிடம் கலியாணத்துக்கு இரண்டு கிழமை முந்திய ஞாயிறு மட்டும்தான் டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், இருந்தது. அப்பா மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார். கிடைத்த டெர்மினைக் கைவிடக் கூடாது என்பது இந்த நாட்டில் அவர் கற்றுக்கொண்ட முதற்பாடம். அப்படித்தான் இரண்டு நாள் அடைப்பு எனக்கு இரண்டு கிழமை அடைப்பாகிப்போனது.

எனக்கு ஒரு இடத்தில் இருக்க வராது. சின்ன வயதிலேயே அம்மா என்னை 'காலிலை சில்லுப் பூட்டின பிள்ளை' என்பார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கும் வேலை எனக்கு. ஒரு நோயாளியைக் கிடத்தி, அடுத்த அறைக்கு ஓடி, பட்டனை அழுத்தி, திரும்பி ஓடுவது. அதிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு பீலெஃபெல்டில் மூன்றாம் மாடியில், முகத்துக்கு மஞ்சள் பூசியபடி சோஃபாவில் குந்தியிருந்தேன். திங்கள் ஒருவாறு போனது. செவ்வாய் அலுமாரி எல்லாம் அடுக்கினேன். புதனும் அதையே குலைத்து அடுக்கினேன். வியாழன் பின்னேரம் போனில் விண்டர்பெர்க் மலையின் கமெராப் படம் வந்தது. புல்லுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பட்டை. வெள்ளிக்கிழமை காலை, ஆட்களை மலைக்கு மேலே ஏற்றும் முதல் லிஃப்டுகளைத் திறக்கிறார்களாம். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

பனி மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். மாப்பிள்ளை பகுதியை எங்களுக்கு உறவுக்காரர் மூலம் தெரியும். அவரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஆர்ன்ஸ்பெர்க்கில் வேலை, அங்கேதான் நானும் போய்க் குடியேற வேண்டும். ஒரு வருடம் பேசிப் பழகி, எனக்குப் பிடித்துத்தான் சம்மதித்தேன். நல்ல மனிதர், பகிடி விளங்கும், சமைப்பார். ஆனால் நான் குளிர்காலம் முழுக்கப் பனிப்பலகையும் கையுமாகத் திரிகிறவள் என்று சொன்ன அன்று, அவர் சிரித்துக்கொண்டு, "கலியாணத்துக்குப் பிறகு பாப்பம்" என்றார். பிறகு இரண்டு தடவை கேட்டபோதும் அதே பதில்தான்.

தமிழ் வீட்டில் வளர்ந்த எவருக்கும் இந்தப் 'பாப்பம்' என்ன சாமான் என்று தெரியும். அப்பாவிடம் நாய்க்குட்டி கேட்டால் பாப்பம். வகுப்போடு ரோமுக்குப் போகக் கேட்டால் பாப்பம். நேராக 'ஏலாது' என்று சொல்ல மனமில்லாதவர்கள் நம்மைக் களைக்கவைக்கும் வழி அது. இவருடைய பாப்பமும் அதே பாப்பமா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அதே என்றால் நான் இதை விட்டுவிடுவேனா, அல்லது அவரையா? இந்தக் கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு மணவறையில் போய்க் குந்த என்னால் ஏலாது. ஒரு தடவை மலையில் இறங்கிப் பார்த்தால் எனக்கே விடை தெரியும் என்று நினைத்தேன். புத்திசாலித்தனமான யோசனை என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமை அப்பாவும் அம்மாவும் மணவறை சோடிப்பவரைப் பார்க்கக் காலை ஆறு மணிக்கே காரில் புறப்பட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவார்கள். வாசலில் நின்று அம்மா, "பிள்ளை, கீழை குப்பை கொட்டக்கூடப் போகாதை. வந்து நான் கொட்டுறன்" என்றார். நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். அரை மணித்தியாலத்தில் பலகையும் பையுமாக ரயில் நிலையத்தில் நின்றேன்.

இடையில் மாறி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. குளிர் மூக்கு நுனியில் பிடித்தது. மலை முழுக்கக் கபில நிறப் புல், கறுத்த ஊசியிலை மரங்கள். நடுவில் மட்டும் இரண்டு பட்டை வெள்ளை. இரவு முழுக்க இயந்திரங்கள் ஊதிக் கொட்டிய செயற்கைப் பனி அது. அந்த இயந்திரங்கள் ஓரத்தில் நின்று இன்னமும் இரைந்துகொண்டிருந்தன. உண்மையான பனி வர இன்னும் கிழமைக்கணக்கு ஆகலாம். அதைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை. லிஃப்டுக்கு நின்ற வரிசையில் பாதிப்பேர் ஒல்லாந்துக்காரர். இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி நாள் என்பதால் எல்லோருக்கும் வாய் காதுவரை போயிருந்தது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து, கடைசியில் வந்துவிட்டது பார்த்தீர்களா என்றார்கள். அவர்களில் ஒருவருக்கும் நான் மணப்பெண் என்று தெரியாது. அந்த ஒன்றே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்தப் பருவத்துக்கென்று பழக்கப்பட்டவர்கள் ஒரு பழைய பலகையை வைத்திருப்பார்கள். பனி மெல்லிதாக இருப்பதால் கீழே கல் உரசும், நல்ல பலகையைக் கொண்டுபோனால் அடி வழிக்கப்பட்டுவிடும். என்னுடையதும் அப்படி ஒன்றுதான், பதினாறு வயதில் பகுதிநேர வேலை செய்து வாங்கியது. கட்டுகளை இறுக்கினேன். தலைக்கவசம் போட்டேன். மணிக்கட்டுக் காப்புறையைப் போடப் பார்த்தபோதுதான் சிக்கல் வந்தது.

என் இடது கையில் மாமியின் பொற்காப்பு கிடந்தது. மாமி என்றது மாப்பிள்ளையின் தாயாரை. பொன்னுருக்கு அன்று பின்னேரம் பலகாரத் தட்டோடு வந்து, தன் கையில் கிடந்த காப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு என் கையில் ஏற்றிவிட்டிருந்தார். அவர் கலியாணத்துக்குப் போட்ட காப்பு. அகதியாக இங்கே வந்து இறங்கிய நாளிலும் கையில் கிடந்ததாம். "இனிக் கழட்டாதை பிள்ளை" என்றார். கழற்ற நினைத்தாலும் கழன்றிராது, அவ்வளவு இறுக்கம். அதன்மேல் காப்புறை ஏறவில்லை. எக்ஸ்றே அறையில் ஒவ்வொரு குளிர்காலமும் பனிப்பலகைக்காரரின் முறிந்த மணிக்கட்டுகளைப் படம் எடுக்கிறவள் நான். எனக்குத் தெரியாததில்லை. உறையைப் பையில் திரும்பப் போட்டுவிட்டுக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் இறக்கத்தில் என் கால்கள் என்னை மறந்திருந்தன. தொடை நடுங்கியது. பாதி வழியில் ஒரு சின்னப் பெட்டை, ஆறு வயதிருக்கும், என்னை விலத்திக்கொண்டு ஸ்கீயில் விர்ரென்று போனாள். இரண்டாவது இறக்கத்தில் இடுப்புக்கு ஞாபகம் வந்தது. காலைப் பனி இறுகிக் கிடந்ததால் பலகையின் ஓரம் அதில் பிடித்து ஒரு கரகரச் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வந்தால் சரியாகப் போகிறோம் என்று அர்த்தம். மூன்றாவது முறை நான் உடம்பைச் சரித்து, குதிக்காலில் ஒரு வளைவு, விரலில் ஒரு வளைவு என்று கீழே வரைக்கும் ஒரு இடமும் நிற்காமல் வந்தேன். காற்று காதுக்குள் இரைந்தது. ஐந்து நாளாக என் தோலுக்குள் ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. கீழே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு தனியே சிரித்தேன். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். விடை கிடைத்துவிட்டது. நான் இதை விடமாட்டேன் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அது தெரிந்ததும் நெஞ்சு இன்னும் மோசமாக அடித்தது. லிஃப்டில் தனியே தொங்கிக்கொண்டு மேலே போகும்போது, விடமாட்டேன் என்றால் அடுத்தது என்ன, இன்றைக்கே சொல்வதா, நானூறு பேருக்குக் கார்டு கொடுத்தாகிவிட்டதே என்று மனது ஓடியது. கீழே கபிலப் புல்லும் வெள்ளைப் பட்டையும் போய்க்கொண்டிருந்தன. மேலே இறங்கி, நிதானிக்காமல், எரிச்சலோடு பலகையைத் திருப்பினேன். மதியம் ஆகிவிட்டிருந்தது. வெயில் பட்ட இடங்களில் பனி சீனி மாதிரிக் குழைந்து, ஓரங்களில் மண் தெரிந்தது. ஒருவரை விலத்தப் போய் அந்த மண்ணில் பலகை ஏறியது. பலகை நின்றது, நான் நிற்கவில்லை. இடது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன்.

முதலுதவிக் குடிலில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கையுறையை மெதுவாகக் கழற்றினார். நான் அவரிடம், "ஒன்றுமில்லை, பரவாயில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டு ஏற்கனவே வீங்கத் தொடங்கிவிட்டது. வீக்கத்துக்கு நடுவே காப்பு புதைந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் நான் சொல்லும் முதல் வசனமே நகையைக் கழற்றுங்கள் என்பதுதான். சவர்க்காரம் போட்டுப் பார்த்தார். குளிர்த் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். நூல் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு மேசை லாச்சியை இழுத்து, ஒரு வெட்டும் கருவியை எடுத்து மேலே வைத்தார். விரல் நிறம் மாறுகிறது, அதிக நேரம் காத்திருக்க ஏலாது, சொல்லுங்கள் என்றார்.

தாலிக்குப் பொன் உருக்கியாகிவிட்டது. கலியாணத்துக்கு ஒன்பது நாள். மாமியின் கலியாணக் காப்பை, மாமிக்குத் தெரியாமல், மலை அடிவாரத்தில் ஒரு குடிலில் வைத்து வெட்டுவது. எங்கள் ஆட்கள் இதை எப்படிக் கதைப்பார்கள் என்று எனக்குக் கேட்டது. என் காப்பாக இருந்தால் நானே தீர்மானித்திருப்பேன். அது மாப்பிள்ளையின் தாயாருடையது. அதனால் அவருக்கு அழைத்தேன். முகம் பார்க்கத்தான் தடை, தொலைபேசியைப் பற்றி முன்னோர் எதுவும் சொல்லிவைக்கவில்லை.

நடந்ததைச் சொன்னேன்.

"நீர் வெளியிலை போனனீரோ?" என்றார். பிறகு, "அம்மான்ரை காப்பையோ?" என்றார்.

"ஓம். வெட்ட வேணுமாம். கழட்டேலாது."

"ஒரு ரெண்டு நிமிஷம் பொறும். அம்மாட்டை ஒருக்காக் கேட்டுட்டுச் சொல்லுறன்."

போனை வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம் வெட்டுங்கள் என்றேன். பொன் மென்மையான உலோகம், நினைத்ததைவிடச் சுலபமாக அறுந்தது. இரண்டு பக்கத்தையும் விரித்து எடுத்து, ஒரு கடதாசித் துவாயில் சுற்றி என் வலது கையில் தந்தார். கைக்குக் கட்டுப்போட்டார். இரத்தம் திரும்பி விரலுக்குள் குத்திக்கொண்டு ஓடியபோதும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

போனில் அவருடைய செய்தி வந்திருந்தது: 'அங்கையே நில்லும். வாறன்.' நான் பதில் எழுதவில்லை. ரயிலில் போயிருக்கலாம், ஆனால் ஒற்றைக் கையால் பலகையையும் பையையும் தூக்கிக்கொண்டு வண்டி மாறி ஏற முடியாது. கார்கள் நிறுத்தும் இடத்தில் ஒரு மரக்குற்றியில் குந்தினேன். எழும்பினேன். நடந்தேன். மறுபடி குந்தினேன். கலியாணத்தை நிறுத்துவதென்றால் முதலில் யாருக்குச் சொல்லவேண்டும் என்று உண்மையிலேயே யோசித்தேன். மண்டபத்துக்கா, ஐயருக்கா, அம்மாவுக்கா? அம்மாவின் எண்ணை எடுத்துவிட்டு, அழுத்தாமல் போனை மூடினேன். ஆனாலும், கை நீலமாகிக்கொண்டிருக்கும்போது தாயிடம் கேட்டுச் சொல்கிறேன் என்கிற ஒருவரோடு எத்தனை குளிர்காலம்?

ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிட்டார். அவரும் வாசல் தாண்டக் கூடாதவர்தான். காரிலிருந்து இறங்கியவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே என் பலகையைத் தூக்கிப் பின்னால் வைத்தார்.

"முகம் பாக்கக் கூடாதாம்" என்றார். "நீர் பின்சீற்றிலை இரும்."

அவருக்கு அது பகிடியா உண்மையா என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் ஜெர்மன்தான் வரும். பின்னால் இருப்பதற்கு நான் என்ன சாமானா என்று ஜெர்மனில் கேட்டுவிட்டு முன்கதவைத் திறந்து ஏறினேன். ஒற்றைக் கையால் இருக்கைப் பட்டியைப் பூட்ட முடியாமல் தடுமாறினேன். அவர் எட்டிப் பூட்டிவிட்டார். அதற்குள் முகத்தையும் பார்த்துவிட்டார். ஒன்றும் இடிந்து விழவில்லை.

காட்டு வழியே கீழே இறங்கினோம். என் மடியில் கடதாசித் துவாய் கிடந்தது. அவர் அதைத்தான் அடிக்கடி பார்த்தார். கார்த் திரையில் 'அம்மா' என்று எழுத்து வந்து மணி அடித்தது.

"நீர் பேசாமல் இரும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எடுத்தார்.

மாமியின் குரல் கார் முழுக்க நிறைந்தது. "எங்கையடா நிக்கிறாய்? பொன்னுருக்கின வீட்டிலை மாப்பிள்ளையைக் காணேல்லை எண்டால் சனம் என்ன சொல்லும்?"

"அம்மா," என்றார். "நீங்கள் போட்டுவிட்ட காப்பு... வெட்டுப்பட்டுட்டுது. நான்தான் வெட்டச் சொன்னனான்."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அது இப்போது விளங்குகிறது. அன்றைக்கு விளங்கவில்லை. நேரே சொல்லத் தெரியாத மனிதர் இன்னொரு சுற்றுவழி போகிறார் என்றுதான் பட்டது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இல்லை மாமி!" என்று கத்தினேன். "பொய். நான்தான் வெட்டச் சொன்னனான். விண்டர்பெர்க்குக்குப் பலகை ஓடப் போனனான். விழுந்துட்டன். கை வீங்கிக் காப்பு இறுகிப்போச்சு. இவர் உங்களைக் கேக்கவேணும் எண்டவர், நான் பொறுக்கேல்லை."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கலியாணம் இதோடு குழம்பிப்போனது என்றே நினைத்தேன்.

"கையோ?" என்றார் மாமி. "கைக்கு என்ன பிள்ளை? எந்தக் கை? விரல் ஆட்டேலுமோ?"

"ஆட்டேலும் மாமி" என்றேன், விரல்களை ஆட்டிக்கொண்டே.

"எலும்பு உடைஞ்சிருக்கோ? படம் எடுத்தியளோ? டேய், உதென்ன, நேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. காப்பு கிடக்கட்டும், அதையே இப்ப யோசிக்கிறது? ரெண்டு பேரும் வீட்டை விட்டு வெளிக்கிட்டதுக்கு நான் பிறகு உங்களுக்குப் பூசை வைக்கிறன்."

தொடர்பு அறுந்தது. கொஞ்சத் தூரம் ஓட்டினார். பிறகு மரக்கட்டைகள் அடுக்கிக் கிடந்த ஒரு ஒதுக்குப்புறத்தில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். காது நுனி சிவந்திருந்தது.

"நான் கேக்கேல்லை, என்ன?" என்றார்.

"என்னத்தை?" என்றேன். எனக்குத் தெரியும்.

"கையை."

"இல்லை. காப்பைத்தான் கேட்டனீங்கள்."

சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தார். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கலியாணம் முடிஞ்சா நீர் உந்தப் பலகையை மெல்ல மெல்ல விட்டுடுவீர் எண்டு நினைச்சன். விடச் சொல்லிக் கேக்கப் பயம். விடமாட்டன் எண்டு சொல்லிடுவீர் எண்டு."

"விடமாட்டன்" என்றேன்.

"தெரியுது. எனக்குப் பிடிக்கேல்லை. நீர் மேலை போற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். ஆனா இனிப் பாப்பம் எண்டு சொல்லமாட்டன்."

ஒரு வருடத்தில் அவர் எனக்குத் தந்த முதல் நேரான பதில் அது. எனக்குப் பிடித்த பதில் இல்லை. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இனி வாழவேண்டியிருக்கும் என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் அது அவருடைய வாயிலிருந்து, அவருடைய சொல்லாக வந்தது. மடியில் கிடந்த துவாயை எடுத்து இருக்கைக்குக் கீழே வைத்தேன்.

அவர் முழுதாக என் பக்கம் திரும்பினார். கட்டுப்போட்ட கையைத் தொடாமல், அதன் கீழே தன் கையை ஏந்தினாற்போல் பிடித்தார்.

"நோகுதோ?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். கண் முட்டிவிட்டது.

"ஓம்" என்றேன். "நல்லா நோகுது."

விழுந்ததிலிருந்து அதை நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.